அத்தியாயம் 5: திருநெல்வேலிக்குப் போகாமல் நூலகத்துக்குள் நுழைதல்

நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகம் பார்க்க வேண்டுமானால், காலையில் படகேறிக் குறிகாட்டுவானுக்கு வர வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் யாழ் நகரம், பிறகு இன்னொரு பஸ்ஸில் திருநெல்வேலி. திரும்பும் படகைத் தவறவிட முடியாது என்பதால் நூலகத்தில் இருக்கக் கிடைப்பது சில மணித்தியாலம்தான். அதிலும் பாதி, புத்தகம் எந்த இறாக்கையில் இருக்கிறது என்று தேடுவதில் கரைந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் படிப்பவருக்கும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதும் தாய்க்கும் கதை ஏறத்தாழ இதுதான். இந்த அத்தியாயத்தை அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். வீட்டிலிருந்து முடிக்கக்கூடியதை வீட்டிலேயே முடித்துவிட்டு, நேரில் பார்த்தே ஆக வேண்டியதற்கு மட்டும் பஸ் ஏற வேண்டும். அதற்கான வழிதான் கீழே வருவது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வழியை எல்லோரும் அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோதும், மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்டபோதும் மறுபடி தேவைப்பட்டது. அவசரத்தில் கற்றது அரைகுறையாகவே நிற்கும். இப்போது ஆறுதலாகப் பார்ப்போம்.

எந்தக் கதவு யாருக்கு

வீட்டிலிருந்து தேடுவோர் களைத்துப்போவதற்கு முக்கிய காரணம், தமக்குத் திறக்காத கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது. பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில், அதாவது லிப் டொட் ஜேஎப்என் டொட் ஏசி டொட் எல்கே என்ற முகவரியில், ஒரே பக்கத்தில் பல இணைப்புகள் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை மூன்று வகை.

நூற்பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எந்த நூல் இருக்கிறது, அதன் அழைப்பெண் என்ன, யாராவது இரவல் எடுத்துப் போயிருக்கிறார்களா என்று அதில் பார்க்கலாம். அங்கத்தவராக இருந்தால் உங்கள் கணக்குக்குள் போய், கையில் இருக்கும் நூல்களின் திரும்பும் திகதியையும் பார்க்கலாம். இரண்டாவது, ஆய்வுக் களஞ்சியம். பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள், மாநாட்டுத் தொகுப்புகள், ஆய்வேடுகள் முதலியன இங்கே சேர்கின்றன. இதுவும் பொதுமக்களுக்கு உரியது. மாணவராக இருக்க வேண்டியதில்லை. சுன்னாகத்தில் விவசாயம் செய்பவர் வெங்காயப் பயிரின் நோய் பற்றி விவசாய பீடத்தில் ஏதாவது ஆய்வு நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கும் அந்தக் கதவு திறக்கும். இது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மூன்றாவதுதான் பூட்டிய கதவு: சந்தா கட்டி வாங்கும் வெளிநாட்டு ஆய்விதழ்களும் தரவுத்தளங்களும். இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வெளியீட்டாளரின் கணினி உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த இணைய இலக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. பல்கலைக்கழக வலையமைப்பின் இலக்கங்களை நூலகம் முன்கூட்டியே அவர்களிடம் பதிந்திருக்கும். வளாகத்துக்குள் இருந்து திறந்தால் கட்டுரை உடனே வரும். அதே கட்டுரையை மாலையில் வீட்டில், டயலொக் சிம்மிலோ எஸ்எல்ரி இணைப்பிலோ திறந்தால், இலக்கம் வேறு என்பதால் பணம் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். ஒரேயொரு கட்டுரைக்கு 30, 40 டொலர் கேட்பார்கள். கட்ட வேண்டாம். வளாகத்துக்கு வெளியே இருப்பவர் நூலகத்தின் ஊடாகச் சுற்றி வருவதற்கு ஒரு நுழைவுக் கணக்கு வேண்டும். இந்த ஏற்பாடுகள் வருடத்துக்கு வருடம் மாறுபவை; டொலரில் கட்டும் சந்தாக்களும் அப்படியே. ஆகவே போன வருட பட்ச் அக்கா சொன்ன வழியை நம்பியிராமல், வருட ஆரம்பத்திலேயே நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இப்போது எவை இருக்கின்றன, எனக்குக் கணக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படை கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் இரவு கேட்பது பிரயோசனப்படாது.

பட்டம் முடித்து வெளியேறியவருக்கும் அங்கத்தவரல்லாத வாசகருக்கும் இந்த மூன்றாம் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர்களும் மனம் சோர வேண்டியதில்லை. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தனிப்பட்ட இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைவரை திரையில் வாசிக்கலாம். இலங்கையில் வெளியாகும் ஆய்விதழ்கள் பலவற்றை 2008இல் தொடங்கிய இலங்கை இணைய ஆய்விதழ்த் தளம் இலவசமாகத் தருகிறது. யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழும் அதில் இருக்கிறது. கூகிள் ஸ்கொலரில் ஒரு கட்டுரையின் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் வரும் இணைப்பை அழுத்திப் பாருங்கள். கட்டுரையாளரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டுவைத்த இலவசப் பிரதி அங்கே அகப்படுவது உண்டு. அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே எழுதிக் கேளுங்கள். தன் கட்டுரையை வாசிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் மகிழ்ந்து அனுப்பிவைக்கும் ஆய்வாளர்கள் நிறையப் பேர்.

ஒரு சொல்லுக்கு எட்டு எழுத்துக்கூட்டல்

கதவு திறந்தபிறகும் ஒன்றும் அகப்படவில்லை என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாகப் பிழை தேடும் சொல்லில் இருக்கும். ஓர் உதாரணத்தை எடுத்து முழுவதும் நடந்து பார்ப்போம்: தேசவழமை பற்றி ஒரு ஒப்படை.

விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தை ஒல்லாந்தரின் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுதித் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். திருமணச் சொத்து, வாரிசுரிமை பற்றிய பகுதியை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பெரிதாக மாற்றியது. இவ்வளவு நீண்ட வரலாறு உள்ள ஒரு சொல்லைத் தமிழில் தட்டினால் களஞ்சியத்தில் சில முடிவுகள்தான் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், தமிழில் எழுதிய ஆய்வுக்கே பல வேளை தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில்தான் பதியப்பட்டிருக்கும்.

சரி, ஆங்கில எழுத்தில் தேடுவோம். முதல் எழுத்து வெறும் ‘ரி’யா, ‘ரி எச்’சா? நடுவில் ‘வீ’யா, ‘டபிள்யூ’வா? ழகரத்துக்கு ‘எல்’ போட்டிருக்கிறார்களா, ‘இஸட் எச்’ போட்டிருக்கிறார்களா? இந்த மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு விடை என்றாலே எட்டு எழுத்துக்கூட்டல் ஆகிவிடும். பழைய சட்டப் புத்தகங்களில் ஒன்று, அண்மைய கட்டுரைகளில் இன்னொன்று. ஒன்றை மட்டும் தட்டிவிட்டு, இதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். எட்டையும் தட்டிப் பாருங்கள். அல்லது, களஞ்சியத்தின் தேடற்பெட்டியில் சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறியைப் போடுங்கள். அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் பிடித்துத் தரும். கூகிளில் இந்த உபாயம் இப்படி வேலை செய்யாது.

ஊர்ப் பெயருக்கும் இதே பாடுதான். யாழ்ப்பாணம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ‘ஆர் எல்’ போடுபவர் உண்டு, ‘எல்’ மட்டும் போடுபவரும் உண்டு. ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களில் அது யாழ்ப்பாணப்பட்டணம் என்ற சொல்லின் சிதைந்த வடிவங்களாக வரும். ஆட்பெயர்களைத் தேடும்போது முதலெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டுங்கள். பட்டியலில் ‘சிவத்தம்பி, கார்த்திகேசு’ என்றும் இருக்கலாம், ‘சிவத்தம்பி, கா.’ என்றும் இருக்கலாம்.

தமிழிலேயே தேடும்போதும் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் இருக்கின்றன. ‘கௌரி’ என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டியிருப்பார். இன்னொருவர் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டியிருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; கணினிக்கு வேறு வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் ஒருங்குறியில் இரண்டு விதமாக உருவாகக்கூடியது. கோயில் மலர்களைத் தேடுபவர் இதை மறந்துவிடக் கூடாது.

பழைய கோப்புகளில் இன்னும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: பாமினி. எங்கள் பக்கத்தில் அச்சகமும் ரைப்செற்றிங் கடையும் பல வருடங்கள் பாமினி எழுத்துருவிலேதான் வாழ்ந்தன. அந்த எழுத்துருவில் தட்டிய ஆய்வேட்டைத் திறந்தால் அழகான தமிழ் தெரியும். ஒரு பந்தியைப் பிரதிபண்ணி வேறிடத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழும். உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். தமிழ் உருவம் மேற்பூச்சு. ஆகவே அந்தக் கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. ஒட்டிய குப்பையை அழித்துவிடாதீர்கள். இணையத்தில் உள்ள சுரதாவின் எழுத்துரு மாற்றியில் அதைப் போட்டு பாமினி என்று தெரிவுசெய்தால் நல்ல ஒருங்குறித் தமிழாக மாறிவிடும். மேற்கோள் எடுப்பதானால் மாறியதை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல நூல் நூற்பட்டியலில் அகப்பட்டதும் அதை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட வேண்டாம். அதன் பதிவில் பொருட்தலைப்பு என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால், அதே பொருளில் நூலகத்தில் இருக்கும் மற்ற நூல்கள் வரிசையாக வரும். எட்டு எழுத்துக்கூட்டலும் தவறவிட்டதை இந்த ஒரு அழுத்தல் கொண்டுவந்து தந்துவிடும்.

‘நூலகம்’ என்னும் பக்கத்து வீடு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இணையத்தில் வாசிப்பவர் பல்கலைக்கழகத் தளத்தோடு நிற்க முடியாது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், நூலகம் டொட் ஓர்க் என்ற முகவரியில் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், சிறப்பு மலர்கள் என்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், காசும் வேண்டாம். உலகத்தில் எங்கிருந்தும் திறக்கும்.

அதைப் பயன்படுத்தும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்குள்ள பெரும்பாலான கோப்புகள் பக்கத்தைப் படம்பிடித்தவை. படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனிப்பக்கம் ஒன்று இருக்கிறது: மேலே நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, ‘வாசிக்க’ என்ற தலைப்பின் கீழே கோப்பும் அதன் அளவும், பல பக்கங்களில் அதற்குக் கீழே ‘உள்ளடக்கம்’. இந்த உள்ளடக்கத்தை யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து ஒருங்குறியில் தட்டியிருக்கிறார். ஆகவே நீங்கள் தேட வேண்டியது நூலின் தலைப்பை அல்ல, கட்டுரையின் தலைப்பில் வரக்கூடிய சொல்லை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யில் ஒரு எழுத்தாளரின் சிறுகதை எந்த இதழில் வந்தது என்று தெரியாதபோது, அவர் பெயரையும் மல்லிகை என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டுங்கள். இதழ்களின் தலைப்பு ஆண்டு, புள்ளி, மாதம் என்ற ஒழுங்கில் இருப்பதால், குறிப்பிட்ட மாதம் தெரிந்தவர் நேரே அங்கே போய்விடலாம்.

சில பக்கங்களில் விவரம் மட்டும் இருக்கும், வாசிக்கக் கோப்பு இராது. பெரும்பாலும் உரிமை சம்பந்தமான காரணம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தவர். அவர் எழுத்தை யாரும் மின்படியாக்கலாம். விபுலானந்த அடிகள் மறைந்தது 1947. அவருடையதும் பொதுவுக்கு வந்துவிட்டது. 1982இல் மறைந்த பேராசிரியர் கைலாசபதியின் எழுத்துக்கு 2052வரை உரிமை இருக்கிறது. அப்படியானவற்றை உரியவர்களின் இசைவோடுதான் இணையத்தில் போடலாம். விவரம் மட்டும் இருக்கும் பக்கமும் வீண் அல்ல. நூலின் சரியான தலைப்பும் ஆண்டும் அதில் இருப்பதால், அவற்றை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக நூற்பட்டியலுக்குத் திரும்பினால், தாளில் ஒரு பிரதி திருநெல்வேலியிலேயே இருப்பது தெரியவரலாம்.

பிரதிகள் போய்ச் சேர்ந்த ஊர்கள்

1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றில் இருந்த ஓலைச்சுவடிகளை இனி யாரும் தர முடியாது. ஆனால் அச்சுப் புத்தகம் வேறு. அது வெளியான அன்றே பல ஊர்களுக்குப் போய்விடுகிறது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுபவர் அந்த ஊர்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலிருந்தும் வட்டுக்கோட்டையிலிருந்தும் அனுப்பிய கடிதங்கள் பொஸ்ரனில் வெளியான ‘மிஷனரி ஹெரால்ட்’ இதழில் அச்சாகின. அந்த இதழ்த் தொகுதிகளை ஹாதிட்ரஸ்ட் தளத்திலும் கூகிள் புக்ஸிலும் வீட்டிலிருந்தே புரட்டலாம். சைமன் காசிச்செட்டி 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட தமிழ்ப் புலவர் வரலாறும், முதலியார் இராசநாயகத்தின் 1926ஆம் ஆண்டு ‘பண்டைய யாழ்ப்பாணம்’ ஆங்கில நூலும் இணையத்தில் கிடைக்கின்றன. சொல்லாராய்ச்சி செய்பவர், 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். தமிழ்நாட்டுப் பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. இவை இரண்டும் தனி அத்தியாயம் கேட்கும் அளவு பெரியவை. இங்கே பெயர் சொல்வதோடு விடுகிறேன்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது

எவ்வளவு தேடினாலும் தீராத இடம் ஒன்று வரும். அப்போது கேளுங்கள். திரைக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், இதற்காகவே படித்தவர்கள். ‘தேசவழமை பற்றிப் புத்தகம் இருக்கா சேர்?’ என்ற ஒற்றை வரிக்கு அவர்களால் நல்ல பதில் தர முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, நான் கலைப்பீடத்தில் மூன்றாம் வருட மாணவி. எனது பதிவிலக்கம் கீழே உள்ளது. தேசவழமையில் சீதன உரிமை பற்றி ஒப்படை எழுதுகிறேன். நூற்பட்டியலில் கீழ்க்காணும் அழைப்பெண்ணுடைய நூலைக் கண்டேன்; அதில் சீதனம் பற்றிய அத்தியாயம் மட்டும் தேவைப்படுகிறது. ஆய்வுக் களஞ்சியத்திலும் நூலகம் தளத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. நான் தீவுப் பகுதியில் வசிப்பதால் அடுத்த புதன்கிழமைதான் நேரில் வர முடியும். அதற்கு முன் அந்த அத்தியாயத்தின் ஸ்கான் பிரதியைப் பெற வழி உண்டா, இல்லையெனில் அன்றைய தினம் நூலை எனக்காக எடுத்துவைக்க முடியுமா என்பதைத் தயவுடன் அறியத் தரவும்.”

யார், என்ன வேலை, எந்த நூல், எங்கெல்லாம் தேடியாயிற்று, எப்போது வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள்; நீங்கள் அங்கத்தவர் என்பது தானாகவே தெரியும். முழு நூலையும் ஸ்கான் பண்ணித் தரும்படி கேட்க வேண்டாம். சட்டமும் இடம் தராது, அவர்களையும் சங்கடப்படுத்தும்.

கிடைத்ததைக் கைவிடாமல் வைத்திருத்தல்

கோப்பின் அளவைப் பார்த்துவிட்டுத் தரவிறக்குங்கள். படமாக ஸ்கான் பண்ணிய ஒரு நூல் கைப்பேசியின் ஒரு நாள் டேட்டாவை விழுங்கிவிடும். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிந்திய தனி ஒதுக்கீடு இருந்தால் பெரிய கோப்புகளை அதற்கு விடுங்கள். இறங்கியதும் பெயரை மாற்றுங்கள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பில் இரண்டு சொல். எண்களும் குறிகளுமாக வந்த பெயரோடு விட்டால், அடுத்த மாதம் அதே நூலை மறுபடி தரவிறக்குவீர்கள். களஞ்சியத்திலிருந்து எடுத்ததானால், அந்தப் பதிவில் தரப்பட்டிருக்கும் நிலையான இணைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். உலாவியின் மேற்பட்டையில் தெரியும் நீண்ட முகவரி மாறக்கூடும்.

இணையத்தில் இருக்கிறதுதானே, வேண்டும்போது பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். 2023 ஒக்ரோபரில் லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் மின்படியாக்கிய ஆவணங்கள் பல மாதம் எட்டாமற் போயின. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ஆய்வுக்கு உயிரான ஐந்தாறு கோப்புகளையாவது கைப்பேசியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். அந்தியேட்டியில் கொடுத்த கல்வெட்டுகள், கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கை என்று ஒரு கட்டு இருக்கும். ஒரு குடும்பத்தின் வழிமுறை, ஒரு ஊரின் பழைய கிணறு, மூடப்பட்ட பாடசாலையின் தலைமையாசிரியர் வரிசை போன்றவை வேறெங்கும் எழுதப்படாமல் அந்தக் கட்டில்தான் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரையும் நூலகம் தளத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு எழுதி, கொடுக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நீங்களே ஸ்கான் பண்ணுவதானால் 300 டிபிஐக்குக் குறையாமல், வளைவு விழாதபடி, பக்க ஒழுங்கில் எடுங்கள். முன்னட்டையையும், அச்சகத்தின் பெயரும் திகதியும் இருக்கும் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.